உடலின் கடிகாரம், தூக்க மாத்திரை, மயக்க மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழிப்பவர் ஏன் பொழுதைத் தவறாகச் சொல்கிறார்?

காலை பத்து மணிக்கு அறுவை அரங்குக்குள் சென்ற ஒருவர், மாலை நான்கு மணிக்கு மயக்கம் தெளியும் அறையில் கண் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் கேட்டால் பெயரைச் சரியாகச் சொல்கிறார், ஊரைச் சொல்கிறார். மணி என்ன இருக்கும் என்று கேட்டால் மட்டும் "பத்தரை இருக்குமா?" என்கிறார். "இன்னும் ஆபரேஷன் ஆரம்பிக்கவில்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. இரவு நன்றாக உறங்கியவரை விடியற்காலையில் எழுப்பி இதே கேள்வியைக் கேட்டால், கடிகாரத்தைப் பாராமலேயே ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவார். உறங்கும்போதும் உடல் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது, மயக்கத்தில் அந்தக் கணக்கு அறுந்துபோகிறது.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. அரங்குக்குள் நுழையும்போது பதற்றம் தணியக் கொடுக்கப்படும் மிடசோலம் போன்ற மருந்துகள் புதிய நினைவுகள் பதிவதைத் தடுக்கின்றன. அதனால் கடைசியாக நினைவிருக்கும் காட்சிக்கும் கண் திறந்த நொடிக்கும் இடையே காலமே ஓடாததுபோல் தோன்றுகிறது. நினைவின் இந்த இடைவெளி ஒருபுறம் இருக்க, உடலின் கடிகாரமே இடம் பெயர்ந்துவிடக்கூடும் என்பதற்கும் இப்போது சான்றுகள் உள்ளன. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியவை.

உடற்கடிகாரம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, அல்லது அது வெறும் உவமையா?

இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இடத்துக்கு நேர்மேலே, அரிசிமணியைவிடப் பெரிதாகாத ஒரு நரம்பணுத் திரள் உள்ளது. அதில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்குள்ளும் சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்க, அந்தப் புரதம் சேர்ந்து பெருகியதும் தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்க, புரதம் சிதைந்ததும் மரபணு மீண்டும் வேலையைத் தொடங்க, இப்படி ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. இந்த இயக்கத்தைப் பழ ஈக்களில் விளக்கியதற்காகத்தான் 2017இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் நோபல் பரிசு பெற்றனர்.

உயிருக்குள் ஒரு கடிகாரம் இருக்கலாம் என்ற ஐயம் அதைவிடப் பழையது. 1729இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ஜாக் தி மெரான் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் பூட்டி வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்பின. 1962இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மிஷேல் சிஃப்ர் ஆல்ப்ஸ் மலையின் குகை ஒன்றில் கைக்கடிகாரமின்றி இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே வரச் சொன்னபோது, அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்ட் 20 தான். நம் மண்ணிலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உருவாக்கிய ஆய்வுக்குழு, குகை வௌவால்களின் நாட்சுழற்சியை ஆராய்ந்ததோடு, வெளியுலகின் நேரக்குறிப்பு எதுவும் எட்டாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தது.

மனிதரின் உடற்கடிகாரம் தன்போக்கில் விடப்பட்டால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சில நிமிட மிச்சத்தை அன்றாடம் திருத்துவது பகல் வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கு முக்கியமாகப் பயன்படாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில அணுக்கள் உள்ளன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி அவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது. மூளையில் இருப்பது தலைமைக் கடிகாரம் என்றால், கல்லீரல், இதயம், சிறுநீரகம் என ஒவ்வோர் உறுப்பிலும் சிறு கடிகாரங்கள் அதைப் பின்பற்றி ஓடுகின்றன. மருந்தைப் பொறுத்தவரை கல்லீரலின் கடிகாரத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

"உங்களைத் தூங்க வைத்துவிடுவோம்" என்கிறார்களே, மயக்க மருந்தால் வருவது தூக்கம்தானா?

அது நோயாளியின் அச்சம் தீரச் சொல்லும் ஆறுதல் வார்த்தை. முழு மயக்கம் என்பது மருந்தால் உண்டாக்கி, மருந்தை நிறுத்தியதும் மீட்கக்கூடிய கோமா நிலைக்கே நெருக்கமானது என்பது மயக்கவியலார் பலர் ஏற்கும் விளக்கம். இயற்கை உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஆழ்ந்தும் மேலெழுந்தும், இடையிடையே கனவுறக்கமாக மாறியும் செல்கிறது. உலுக்கினால் விழிப்பு வருகிறது. மயக்கத்தில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை, கத்தி பட்டாலும் விழிப்பு வருவதில்லை. அப்படி வராமல் இருப்பதற்காகத்தான் மயக்கமே கொடுக்கப்படுகிறது.

ஆனாலும் இரண்டும் முற்றிலும் வேறு என்று தள்ளிவிடவும் முடியாது. புரோபோஃபால், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் முதலிய மயக்க மருந்துகளும், அல்ப்ரசோலம், சோல்பிடெம் முதலிய தூக்க மாத்திரைகளும் காபா என்னும் அடக்கும் நரம்புச் செய்தியை வலுப்படுத்துகின்றன. உடற்கடிகாரத்தின் நரம்பணுக்களும் ஏறக்குறைய அனைத்தும் தம்முள் பேசிக்கொள்ள அதே காபாவைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே, சுயநினைவை அணைப்பதற்காகச் செலுத்திய மருந்து கடிகாரத்தின் பேச்சிலும் குறுக்கிடுவதில் வியப்பில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிகாகோவில் எலிகளிடம் நடந்த ஆய்வில், உறக்கம் பறிக்கப்பட்ட எலிகள் புரோபோஃபால் மயக்கத்தில் கிடந்தபோதே தம் உறக்கக் கடனைத் தீர்த்துக்கொண்டன. மூச்சின் வழியாகச் செலுத்தும் மயக்க வாயுக்களோ கனவுறக்கக் கடனைத் தீர்ப்பதில்லை என்று வேறு ஆய்வுகள் காட்டின. "நாள் முழுக்க மயக்கத்தில் கிடந்தும் உடம்பு அசந்துபோயிருக்கிறதே" என்று வீடு திரும்பியவர்கள் குறைப்படுவதில் பொருள் உண்டு.

மயக்க மருந்து கடிகாரத்தையே நகர்த்துகிறது என்பதற்கு என்ன சான்று?

மிகத் தெளிவான சான்று தேனீக்களிடமிருந்து வந்தது. தேனீ கூட்டுக்கும் பூவுக்கும் இடையே திசையறியச் சூரியனைத் திசைகாட்டியாகக் கொள்கிறது. ஆனால் சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆதலால் "இந்த நேரத்தில் சூரியன் இந்தப் பக்கம் இருக்கும்" என்ற கணக்கைத் தேனீ தன் உடற்கடிகாரத்தைக் கொண்டு ஓயாமல் திருத்திக்கொள்கிறது. கடிகாரம் பிசகினால் திசையும் பிசகும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை வார்மன் குழுவினர் இதைப் பயன்படுத்திக்கொண்டனர். தேனீக்களுக்குப் பகலில் ஆறு மணி நேரம் ஐசோஃப்ளூரேன் மயக்கம் கொடுத்து, தெளிந்ததும் பறக்கவிட்டு, அவை எத்திசையில் கண்ணிலிருந்து மறைகின்றன என்று பார்த்தனர். 2012இல் முடிவுகள் வெளியாயின.

தென் அரைக்கோளத்தில் பறக்கவிடப்பட்ட தேனீக்கள் சராசரியாக 87 பாகை இடஞ்சுழியாக விலகிச் சென்றன. வட அரைக்கோளத்தில் அதே மயக்கத்துக்குப் பின் 58 பாகை வலஞ்சுழியாக விலகின. வழி தவறியது மட்டுமே என்றால் மயக்கக் கிறுக்கம் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் தெற்கே சூரியன் கிழக்கிலிருந்து வடக்கு வழியாக மேற்கே செல்கிறது, வடக்கே தெற்கு வழியாகச் செல்கிறது. பிழையும் அதற்கேற்பத் திசை மாறியது என்றால், தேனீ சூரியனைச் சரியாகவே பார்த்திருக்கிறது, மணியைத்தான் தவறாகக் கணித்திருக்கிறது. ஓர் ஆய்வு தன் ஐயத்தைத் தானே இவ்வளவு அழகாகத் தீர்த்துக்கொள்வது அரிது. குறித்த நேரத்தில் உணவுக்கு வரப் பழக்கப்பட்ட தேனீக்கள் மயக்கத்துக்குப் பின் 3.3 மணி நேரம் தாமதமாக வந்தன. கடிகார மரபணுக்களின் ஏற்ற இறக்கமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது.

இதே மயக்கத்தை இரவில் கொடுத்தபோது கடிகாரம் நகரவில்லை. என் பார்வையில் முழு ஆய்விலும் எடை கூடிய முடிவு இதுதான். மருந்து, அளவு, கால நீளம் எல்லாம் ஒன்றாக இருந்தும், கொடுத்த பொழுது மாறியதால் விளைவு மாறியது.

தேனீக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா?

அப்படியே அளவு மாறாமல் நடக்கும் என்று சொல்ல முடியாது. மனிதரிடம் மயக்கத்தின் விளைவையும், அறுவையால் உண்டாகும் காயம், வலி, பட்டினி, வலிநிவாரணி, மருத்துவமனை வெளிச்சம் ஆகியவற்றின் விளைவையும் பிரித்தெடுப்பது கடினம். ஆனால் அறுவைக்குப் பிந்தைய முதல் இரவில், இருட்டியதை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு குறைவதும், உடல் வெப்பநிலையின் நாள் ஏற்ற இறக்கம் மங்குவதும் மனிதரிடமே அளக்கப்பட்டுள்ளன. செவோஃப்ளூரேன் எலிகளின் தலைமைக் கடிகாரத்தில் ஒரு கடிகார மரபணுவை அடக்குவதும் காணப்பட்டுள்ளது. பாலூட்டியின் கடிகாரம் இதற்கு விலக்கு என்று எண்ண இடமில்லை.

ஒரே மருந்து காலையிலும் மாலையிலும் ஒரே அளவுக்கு வேலை செய்யுமா?

செய்வதில்லை. எலிகளுக்குப் பென்டோபார்பிடால் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்தால் அவை எவ்வளவு நேரம் மயங்கிக் கிடக்கின்றன என்பது கொடுத்த பொழுதைப் பொறுத்து மாறுகிறது என்பது 1960களிலிருந்தே தெரியும். இரவில் இயங்கும் விலங்கான எலி, இரவில் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. பகலில் கொடுத்தால் நெடுநேரம் கிடக்கிறது.

காரணத்தின் பெரும்பகுதி கல்லீரலில் இருக்கிறது. ஜெனீவாவில் உவேலி ஷிப்லர் குழுவினர், கல்லீரல் கடிகாரத்தின் கட்டளையை நஞ்சு நீக்கும் நொதிகளுக்கு எடுத்துச்செல்லும் மூன்று புரதங்கள் இல்லாத எலிகளை உருவாக்கினர். அவை பென்டோபார்பிடாலைச் சிதைக்கத் திணறி, மற்ற எலிகளைவிட வெகுநேரம் மயங்கிக் கிடந்தன. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, எலியின் புரத மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதாவது ஓர் உறுப்பிலாவது நாட்சுழற்சிக்கு ஏற்ப ஏறி இறங்குவதைக் காட்டியது. அமெரிக்காவில் அதிகம் விற்கும் 100 மருந்துகளில் 56, அப்படி ஏறி இறங்கும் இலக்குகளின் மீதே செயல்படுகின்றன என்றும் அது கணக்கிட்டது.

மனிதரிடம் இதைத் தெளிவாகக் காணக்கூடிய இடம் பல் மருத்துவரின் நாற்காலி. மரத்துப்போவதற்காகப் போடும் லிடோகெய்ன் ஊசியின் விளைவு பிற்பகல் மூன்று மணியளவில் மிக நீண்ட நேரம் நிற்கிறது, காலையில் விரைவில் தெளிகிறது. ஆனால் அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் மணியைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பதில்லை. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, வெளிமூச்சில் உள்ள வாயுவின் அளவு ஆகியவற்றைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே கூட்டிக் குறைக்கிறார். அதனால் பொழுதால் வரும் வேறுபாடு அங்கே பெரும்பாலும் அவர் கையிலேயே சரிசெய்யப்பட்டுவிடுகிறது. வீட்டில் மாத்திரை போட்டுக்கொள்பவருக்கு அப்படி அருகிருந்து பார்ப்பவர் எவரும் இல்லை.

அப்படியானால் அறுவைச் சிகிச்சையைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லதா, பிற்பகலிலா?

இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. பிரான்சின் லீல் நகரில் இதயத்தின் மகாதமனி வால்வை மாற்றிக்கொண்ட 596 பேரை 500 நாள் கவனித்த ஆய்வில், காலையில் அறுவை செய்யப்பட்டவர்களைவிடப் பிற்பகலில் செய்யப்பட்டவர்களுக்குப் பெரிய இதயச் சிக்கல்கள் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தன. இதயத் தசையின் கடிகாரம் பிற்பகலில் இரத்தத் தடையை நன்றாகத் தாங்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வேறு மருத்துவமனைகளின் பதிவுகளில் இந்த வேறுபாடு எல்லா இடத்திலும் தென்படவில்லை.

மறுபுறம், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 90,000க்கு மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, மயக்கம் தொடர்பான வேண்டாத நிகழ்வுகளின் வாய்ப்பு காலை 9 மணிக்குத் தொடங்கிய அறுவைகளில் 1 விழுக்காடாகவும், மாலை 4 மணிக்குத் தொடங்கியவற்றில் 4.2 விழுக்காடாகவும் இருந்ததாகக் கணித்தது. அவற்றில் பல வாந்தி, வலி போன்றவை. அந்த நேரத்தில்தான் பணியாளர் மாறுகிறார்கள், காலையிலிருந்து நிற்பவர்கள் களைத்திருக்கிறார்கள், பட்டினி கிடக்கும் நோயாளியும் சோர்ந்திருக்கிறார். ஆக, கடிகாரம் நோயாளியின் உடலில் மட்டும் ஓடுவதில்லை, மருத்துவக் குழுவினரின் உடலிலும் ஓடுகிறது.

எனவே, நேரத்தைக் கருதி அறுவையைத் தள்ளிப்போடுவதற்குப் போதிய காரணம் இப்போதைக்கு இல்லை. நீரிழிவு நோயாளிகளையும் குழந்தைகளையும் பட்டினி நீளாமல் இருப்பதற்காக முதல் ஆளாக அழைத்துக்கொள்ளும் வழக்கம் வேறு வகை. அதைக் கேட்டுப் பெறலாம்.

காபி குடிக்காததற்கும் அறுவைக்குப் பின் வரும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து உறக்க அழுத்தத்தை ஏற்றுகிறது. காபியில் உள்ள காஃபீன் அந்த அடினோசினை மறைக்கிறது. நாள்தோறும் இரண்டு வேளை குடித்துப் பழகியவர் பட்டினியாகப் படுத்தெழுந்தால் தலைவலி வருவதில் வியப்பில்லை. பால் கலக்காத கறுப்புக் காபியைத் தெளிநீர் வகையாகக் கருதி இரண்டு மணி நேரம் முன்புவரை அனுமதிக்கும் மருத்துவமனைகள் உண்டு. பால் கலந்தால் திட உணவுக்குரிய ஆறு மணி நேரக் கணக்கு வந்துவிடும். நம் வீட்டுக் காபிக்கு இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும்.

எட்டு மணிக்கே தூக்க மாத்திரை போட்டும் பதினொன்று வரை உறக்கம் வராதது ஏன்?

உறக்கத்தை இரண்டு ஆற்றல்கள் ஆள்கின்றன என்று 1982இல் உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறும் உறக்க அழுத்தம். மற்றொன்று, அந்த அழுத்தத்தைப் பகல் முழுதும் எதிர்த்து நின்று நம்மை விழிக்க வைக்கும் உடற்கடிகாரம். இந்த எதிர்ப்பு எப்போது உச்சத்தில் இருக்கும் என்று ஊகித்தால் நண்பகல் என்றே தோன்றும். உண்மையில் அது வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். இஸ்ரேலின் பெரட்ஸ் லாவி இதை "உறக்கத்துக்கு விலக்கப்பட்ட நேரம்" என்றே அழைத்தார். அதன்பின் மெலடோனின் ஏறத் தொடங்க, கடிகாரம் பிடியைத் தளர்த்த, உறக்கம் வருகிறது.

பதினொரு மணிக்கு உறங்கிப் பழகியவர் எட்டு மணிக்கு மாத்திரை போடுவது, மதகு மூடியிருக்கும்போது வாய்க்காலில் தண்ணீரை எதிர்பார்ப்பதுதான். சோல்பிடெம் போன்ற விரைந்து ஏறி விரைந்து இறங்கும் மருந்தாக இருந்தால், கடிகாரம் வழிவிடும் நேரத்தில் மருந்தின் உச்சம் கடந்துவிட்டிருக்கும். அப்போது "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்பவர்கள்தான் இடரில் விழுகிறார்கள்.

மறுநாள் காலை தலை பாரமாக இருப்பது எதனால்?

மருந்து உடலில் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். சோல்பிடெமுக்கு அது ஏறத்தாழ 2.5 மணி, சோபிக்லோனுக்கு 5 மணி, அல்ப்ரசோலத்துக்கு 11 மணி. டயசிபாமுக்கு 20 முதல் 50 மணி வரை ஆகும், அது சிதைந்து உண்டாகும் பொருளோ அதனினும் நெடுநேரம் தங்குகிறது. திங்கள் இரவு போட்ட டயசிபாமின் மிச்சம் புதனன்றும் இருக்கிறது, அதற்குள் செவ்வாய் இரவின் மாத்திரையும் சேர்ந்துவிடுகிறது.

குறுகிய அரை ஆயுளும் பாதுகாப்பு ஆகிவிடாது. சோல்பிடெம் 10 மி.கி. உட்கொண்டு எட்டு மணி நேரம் கழிந்த பின்னும், பெண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கும் வண்டி ஓட்டும் திறனைக் குலைக்கும் அளவுக்கு இரத்தத்தில் மருந்து இருந்தது. அதனால் 2013 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெண்களுக்கான தொடக்க அளவை 5 மி.கி.யாகக் குறைக்கச் சொன்னது. மருந்து விற்பனைக்கு வந்து இருபது ஆண்டு கழித்தே இது திருத்தப்பட்டது என்பது நினைவில் நிற்கவேண்டியது. 2019இல் உறக்கத்திலேயே நடத்தல், சமைத்தல், வண்டி ஓட்டல் பற்றிய கடும் எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. விடியற்காலை நான்கு மணியளவில் உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து விழிப்பாற்றலும் அடிமட்டத்தில் இருக்கும். மருந்தின் மிச்சம் அந்தப் பொழுதோடு சேரும்போது, கழிவறைக்கு எழும் முதியவர் தடுமாறி விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் நிகழ்கின்றன. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இம்மருந்துகளைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்வது அதனால்தான். இந்தியாவில் அல்ப்ரசோலம், டயசிபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியலின்படி, மருத்துவர் சீட்டைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே விற்கப்பட வேண்டியவை. பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளும் பழக்கம் சட்டப்படி செல்லாது.

தூக்க மாத்திரை கடிகாரத்தைத் திருப்பி வைக்குமா?

1986இல் டிரையசோலம் என்னும் தூக்க மாத்திரை வெள்ளெலிகளின் நாட்சுழற்சியை முன்னும் பின்னும் நகர்த்துவதாக அறிவிக்கப்பட்டபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. மூன்று ஆண்டுகளில் அதன் சுவாரசியமான மறுபக்கம் வெளிப்பட்டது. அந்த மருந்து வெள்ளெலியை உறங்கச் செய்யவில்லை, ஓடச் செய்திருந்தது. ஓட முடியாதபடி அடைத்து வைத்துக் கொடுத்தபோது கடிகாரம் நகரவில்லை. மனிதரைப் பொறுத்தவரை இவ்வகை மாத்திரைகள் உறக்கத்தைத் தரக்கூடும், கடிகாரத்தைத் திருத்துவதில்லை. இரவுப்பணி முடித்துப் பகலில் மாத்திரை போட்டு உறங்குபவரின் கடிகாரம் இரவை இரவாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

மெலடோனின் மட்டும் வேறா?

வேறுதான். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் பிரித்தெடுத்த இந்தச் சுரப்பு, உடலுக்கு "இருட்டிவிட்டது" என்று அறிவிக்கும் செய்தி. உறக்கத்தை வரவழைக்கும் வலு இதற்குக் குறைவு, கடிகாரத்தை நகர்த்தும் வலு உண்டு. முன்மாலையில் கொடுத்தால் கடிகாரம் முன்னோக்கி நகர்கிறது, காலையில் கொடுத்தால் பின்னோக்கி நகர்கிறது. ஆகவே படுக்கப்போகும் நொடியில் விழுங்குவதைவிடச் சில மணி நேரம் முன்பே சிறிய அளவில் எடுப்பது கடிகாரத்தைத் திருத்தும் நோக்கத்துக்குப் பொருத்தம். வெளிச்சம் உணர முடியாத பார்வையற்றவர்களின் கடிகாரம் நாளுக்கு நாள் நழுவிச் செல்லும். 2000இல் வெளியான ஆய்வில் அத்தகைய ஏழு பேரில் ஆறு பேரின் கடிகாரத்தை இரவுதோறும் கொடுத்த மெலடோனின் 24 மணிச் சுற்றில் நிறுத்தியது.

சில நாடுகளில் இது மருந்தாக இல்லாமல் ஊட்டப்பொருளாக விற்கப்படுவதில் ஒரு சிக்கல் உண்டு. கனடாவில் 31 தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது, சிலவற்றில் அட்டையில் எழுதியிருந்த அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஒன்றிலோ அதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தது. அறுவைக்கு முந்தைய பதற்றத்தைத் தணிப்பதில் மெலடோனின் மிடசோலத்துக்கு ஏறக்குறைய ஈடாகச் செயல்படுவதாகவும் ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன.

அறுவைக்கு முன் தூக்க மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமா?

தாமாக நிறுத்தக் கூடாது. ஆண்டுக்கணக்காக அல்ப்ரசோலமோ குளோனசிபாமோ எடுத்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரலாம். அதையே அறுவைக்குப் பிந்தைய குழப்பம் என்று மருத்துவர்கள் தவறாக எண்ணவும் கூடும். என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், கடைசியாக எப்போது என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூச்சத்தால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், மதுவைப் பற்றியும் அப்படித்தான். பழகிய உடலுக்கு மயக்க மருந்தின் தேவையும் மாறுபடலாம். குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலும் உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்தோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இரவில் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

வயதானவர்கள் அறுவைக்குப் பின் இரவில் ஏன் குழம்பிப்போகிறார்கள்?

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு மேல், பகலெல்லாம் தூங்கி வழிந்த அம்மா திடீரென்று எழுந்து உட்காருகிறார். கையில் குத்தியிருக்கும் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறார். என்றோ இறந்துபோன கணவர் வாசலில் நிற்பதாகச் சொல்கிறார், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். காலையில் கேட்டால் பாதி நினைவிருக்காது. டெலிரியம் எனப்படும் இந்தத் திடீர் மனக்குழப்பம் பைத்தியமோ பேயோ அன்று. அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்று நாட்களில்தான் மிகுதியாக வருகிறது. சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும் இன்னொரு வடிவமும் உண்டு, அதை "அமைதியாக இருக்கிறார்" என்று எண்ணிக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, வலி என்று காரணங்கள் பல. மருத்துவர் முதலில் அவற்றைத்தான் தேட வேண்டும். ஆனால் கடிகாரத்தின் பங்கும் இதில் கணிசமானது. அறுவைக்குப் பிந்தைய முதல் இரவில் கனவுறக்கம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது, இரண்டாம் இரவு முதல் நான்காம் இரவு வரை அது விட்டதைச் சேர்த்துப் பிடிப்பதுபோல் பொங்குகிறது. அதே நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஜன்னல் இல்லை, குழல்விளக்கு அணைவதில்லை, மணிக்கொருமுறை கருவி அலறுகிறது, நள்ளிரவில் இரத்தம் எடுக்க எழுப்புகிறார்கள். இளைஞனின் கடிகாரமே தடுமாறும் சூழல் இது. முதியவரின் மெலடோனின் சுரப்போ ஏற்கெனவே குறைந்தது.

மருந்தால் தடுக்க முடியுமா என்பதில் முடிவுகள் கலவையானவை. நெதர்லாந்தில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு இரவுதோறும் 3 மி.கி. மெலடோனின் கொடுத்துப் பார்த்ததில் குழப்பம் குறையவில்லை. பெய்ஜிங்கில் 65 வயதைக் கடந்த 700 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இயற்கை உறக்கத்தை ஒத்த மூளையலைகளைத் தரும் டெக்ஸ்மெடிடோமிடின் மருந்தை அறுவைக்குப் பிந்தைய இரவில் மிகக் குறைந்த அளவில் செலுத்தியபோது, குழம்பியவர்கள் 23 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாகக் குறைந்தனர். அது தீவிர சிகிச்சைப் பிரிவைப்போல் அருகிருந்து கண்காணிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டியது. குழம்பியவரை அடக்குவதற்காக வழக்கமான தூக்க ஊசியைப் போடுவது குழப்பத்தை நீட்டிக்கவே பெரும்பாலும் உதவுகிறது.

உடனிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மருந்தில்லாத வழிகளே இதில் உறுதியான பலன் தந்திருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனோயி 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரில், கண்ணாடியையும் காது கருவியையும் மாட்டிவிடுதல், நடக்க வைத்தல், நீர் அருந்தச் செய்தல், இடம்பொருள் நினைவூட்டல், இரவில் மருந்தின்றி உறங்க உதவுதல் ஆகியவற்றால் குழப்பம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது.

காலையில் திரையை விலக்கி, முடிந்தால் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து வெளிச்சம் படச் செய்யுங்கள். தேனீக்களிடமும், மயக்கத்தின்போதே பிரகாசமான ஒளி காட்டியபோது கடிகாரப் பிசகு குறைந்தது. மணியும் கிழமையும் தெரியும்படி ஒரு கடிகாரத்தையும் நாட்காட்டியையும் எதிரே வையுங்கள். பகலில் வருவோர் போவோரோடு பேசவிடுங்கள், மாலையில் நெடுந்தூக்கம் போடாமல் பாருங்கள். இரவில் கைப்பேசி வெளிச்சத்தையும் பேச்சையும் நிறுத்தி, காதடைப்பும் கண்மறைப்பும் அணிவிக்கலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். அவசரமில்லாத இரத்தப் பரிசோதனையை விடியும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேட்பதிலும் தவறில்லை.

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, அடுப்பருகில் தனியே நிற்கக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது, மது கூடாது. "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவரே சொன்னாலும் இவை பொருந்தும்.

உடற்கடிகாரம் பழைய நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும்?

சிறிய அறுவையானால் சில நாட்களில் உறக்கம் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. பெரிய அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் இழுக்கலாம், அதற்கு வலியும் மருந்தும் அசைவின்மையும் சேர்ந்தே காரணம். நெடுந்தூர விமானப் பயணத்துக்குப் பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற வேகத்தில் திருந்துவதை நினைவில் கொள்ளலாம். எழும் நேரத்தைத் தினமும் ஒன்றாக வைத்துக்கொண்டு, எழுந்ததும் வெளிச்சத்துக்கு வந்து, உணவு நேரத்தையும் நிலைப்படுத்துவது அந்த வேகத்துக்குத் துணையாகும். இரண்டு வாரம் கடந்தும் இரவு பகலாகவே இருந்தால், மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை நீட்டித்துக்கொண்டே போகாமல், அதே சீட்டோடு மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள்.